டெபியன் பொதிகளுக்கு ரிக்ரஷன் சோதனை: எதை முதலில் எழுதுவது, எங்கே ஓட்டுவது

டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலின் நிலைப்பதிப்பை அடித்தளமாக வைத்து, அதன்மேல் தமக்குத் தேவையான சில பத்துப் பொதிகளை (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள் தொகுப்புகளை) தாமே கட்டி, ஆப்ட் என்னும் நிறுவல் கருவி படிக்கும் சொந்தக் களஞ்சியம் ஒன்றில் வெளியிடும் சிறு குழுக்கள் பல உண்டு. சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸ் போன்ற டெபியன் வழி வழங்கல்கள் செய்வதும் பெரிய அளவில் இதே வேலைதான். முன்பு சரியாக இருந்த ஏதோவொன்று ஒவ்வொரு வெளியீட்டிலும் உடைகிறது என்று சலித்துப்போன குழு ஒன்று, இனி ரிக்ரஷன் சோதனை, அதாவது முன்பு இயங்கியது இப்போதும் இயங்குகிறதா என்ற சோதனை, இல்லாமல் எதையும் வெளியிடுவதில்லை என்று முடிவெடுக்கும்போது, அதன்முன் நான்கு வழிகள் இருக்கின்றன: பில்டின்போதே, அதாவது மூல நிரலிலிருந்து பொதியைக் கட்டும்போதே, ஓடும் சோதனை, பொதியை நிறுவாமல் படித்துப் பார்க்கும் நிலைச் சரிபார்ப்பு, நிறுவிய பொதியின்மேல் ஓடும் சோதனை, பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு மாறிப் பார்க்கும் மேம்படுத்தல் சோதனை. நான்கையும் செய்யுங்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் பொதி வேலைக்கு ஒருவரோ இருவரோ மட்டுமே இருக்கும் இடத்தில் எதை முதலில் செய்வது என்பதுதான் உண்மையான கேள்வி. இயங்கிக்கொண்டிருக்கும் கணினிகளுக்குப் பொதி அனுப்பும் குழு, நான்காவது வழியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. நடைமுறையில் பெரும்பாலோர் முதல் வழியில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

பொதியில் உடைவது எது என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். மென்பொருளுக்குள் இருக்கும் பிழை வேறு, அதைப் பொதியாக்கிய விதத்தில் நேரும் பிழை வேறு. ஒரு கணக்கு தவறாக வருவது முதல் வகை. அந்த நிரலுக்குரிய தரவுக் கோப்பு பொதிக்குள் வராமல் போவது, தேவையான சார்பு (அது இயங்க வேண்டிய வேறொரு பொதி) ஒன்று அறிவிக்கப்படாமல் விடுபடுவது, வேறொரு பொதிக்குச் சொந்தமான கோப்பின்மேல் எழுத முயன்றதால், பொதிகளை நிறுவி நீக்கும் அடிப்படைக் கருவியான டிபிகேஜி நிறுவலையே நிறுத்திவிடுவது, நிறுவலின் முடிவில் ஓடும் போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்ட் பாதியில் தோற்றுப் பொதியை அரைகுறை நிலையில் விட்டுவிடுவது, நிர்வாகி திருத்தி வைத்திருந்த அமைவுக் கோப்பை வைத்துக்கொள்ளவா மாற்றவா என்று ஆளில்லாத தானியங்கி மேம்படுத்தலின் நடுவே கேட்டு, பதில் வராததால் தோற்பது ஆகியவை இரண்டாம் வகை. இந்த இரண்டாம் வகையில் முதல் இரண்டும்தான் பொதியை மட்டும் பார்த்து அறியக்கூடியவை. மற்றவை அனைத்தும் அந்தக் கணினியில் அதற்குமுன் என்ன இருந்தது என்பதைப் பொறுத்தே வெளிப்படும். ஆகவே வழிகளை ஒப்பிடும்போது, ஒவ்வொரு சோதனையும் எந்த நிலையிலிருந்து தொடங்குகிறது என்பதையே அளவுகோலாகக் கொள்கிறேன்.

பில்டின்போது ஓடும் சோதனை மிக மலிவானது. பொதி கட்ட உதவும் கருவித் தொகுப்பான டெப்ஹெல்பர், மூல நிரலின் பில்ட் முறை எதுவென்று கண்டறிந்து, அதற்குரிய சோதனைக் கட்டளையை டிஎச்_ஆட்டோ_டெஸ்ட் வழியாகத் தானே ஓட்டிவிடும். சோதனை தோற்றால் பொதியே உருவாகாது. டெபியனில் ஒவ்வொரு செயலிக் கட்டமைப்புக்கும் தனித்தனியாக பில்ட் நடப்பதால், ஏஎம்டி64-இல் ஒழுங்காக ஓடிவிட்டு, பைட் வரிசை தலைகீழாக உள்ள எஸ்390எக்ஸ்-இல் தவறும் நிரல்கள் பெரும்பாலும் இங்கேயே சிக்கிக்கொள்கின்றன. மூல நிரலை எழுதியவர்களே சோதனைகளையும் எழுதியிருப்பார்கள் என்பதால் பொதி பராமரிப்பவருக்குக் கூடுதல் உழைப்பு ஏறக்குறைய இல்லை.

ஆனால் அவை சோதிப்பது மென்பொருளை, பொதியை அல்ல. அவை ஓடுவது மூல நிரல் விரிக்கப்பட்ட அடைவில், பில்டுக்கு வேண்டிய அத்தனை சார்புகளும் நிறுவப்பட்ட சூழலில். தரவுக் கோப்பு ஒன்றை நிறுவல் பட்டியலில் சேர்க்க மறந்திருந்தாலும் அது மூல அடைவில் இருக்கத்தான் செய்யும் என்பதால் சோதனை வெற்றி பெறும். பயனர் கணினியில் இருக்க வேண்டிய நூலகம் ஒன்று சார்புப் பட்டியலில் விடுபட்டிருந்தாலும், பில்ட் சார்பாக அது ஏற்கெனவே வந்துவிட்டிருக்கும் என்பதால் அப்போதும் வெற்றி பெறும். இன்னொன்று, அவசரமாக வெளியிட வேண்டிய நாளில் டெப்_பில்ட்_ஆப்ஷன்ஸ் மாறியில் நோசெக் என்று ஒரு சொல் சேர்த்துவிட்டால் இவை அனைத்தும் சத்தமின்றி நின்றுபோகும். அந்தச் சொல் பிறகு பில்ட் ஸ்கிரிப்டிலேயே நிரந்தரமாகத் தங்கிவிடுவதும் உண்டு. மூல நிரலோடு வரும் சோதனைகளை ஓட விடுங்கள். ஆனால் பொதிக் குழுவின் நேரத்தை இங்கே செலவிட வேண்டியதில்லை.

நிலைச் சரிபார்ப்புக்கு டெபியனில் லிண்டியன் இருக்கிறது. அது பொதியைத் திறந்து, டெபியன் கொள்கைக்கு மாறானவற்றைச் சுட்டிக்காட்டும். சில விநாடிகளில் முடிந்துவிடும், எழுத வேண்டியது எதுவும் இல்லை, ஆகவே அதை ஓட்டாமல் இருக்கக் காரணமும் இல்லை. ஒரே சிக்கல், முதல்முறை ஓட்டும்போது வரும் நீண்ட எச்சரிக்கைப் பட்டியலைக் கண்டு மலைத்து அதை அப்படியே அணைத்துவிடுவது. பிழை என்று குறிக்கப்பட்டவற்றுக்கு மட்டும் பில்டை நிறுத்தி, எச்சரிக்கைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சொந்தமாக ஒரு வரிச் சரிபார்ப்பு ஒன்றையும் இதனோடு சேர்ப்பேன்: புதிய பதிப்பு எண், களஞ்சியத்தில் இருக்கும் எண்ணைவிட உண்மையிலேயே பெரியதா என்று டிபிகேஜியிடமே கேட்டுவிடுவது. 2.0rc1 என்று எண்ணிட்டு ஒரு முன்னோட்டத்தை வெளியிட்டுவிட்டு, பின்னர் 2.0 வெளியிட்டால் அது யாருக்கும் போய்ச் சேராது. ஏனெனில் டிபிகேஜியின் கணக்கில் 2.0rc1 தான் பெரியது. 2.0~rc1 என்று அலைக்குறி போட்டிருந்தால்தான் அது 2.0-க்கு முந்தையதாகக் கருதப்படும்.

இனி மூன்றாவது வழி. நிறுவிய பொதியைச் சோதிப்பதற்கென்று டெபியனிலும் உபுண்டுவிலும் பயன்படுவது ஆட்டோபிகேஜிடெஸ்ட் என்னும் கருவி; அதன் வடிவத்தை டெப்-8 என்னும் முன்மொழிவு வரையறுக்கிறது. மூலப் பொதிக்குள் டெபியன் அடைவின் கீழ் டெஸ்ட்ஸ் என்றொரு அடைவு, அதில் கன்ட்ரோல் என்றொரு கோப்பு, அதில் சோதனைகளின் பெயரும் அவற்றுக்கு வேண்டிய சார்புகளும் கட்டுப்பாடுகளும் இருக்கும். சார்பு என்ற இடத்தில் வெறும் @ குறியைப் போட்டால், அந்த மூலப் பொதியிலிருந்து உருவாகும் எல்லாப் பொதிகளும் நிறுவப்படும். சோதனை என்பது எந்த மொழியில் எழுதிய ஸ்கிரிப்டாகவும் இருக்கலாம். பூச்சியத்துடன் (வெற்றி என்ற குறியீட்டுடன்) வெளியேறி, பிழை ஓடையில் (பிழைச் செய்திகள் செல்லும் வெளியீட்டில்) எதையும் எழுதாமல் இருந்தால் வெற்றி. பிழை ஓடையில் ஒரு வரி வந்தாலும் தோல்வி என்ற அந்த இயல்பு நிலை முதலில் எரிச்சலூட்டும். அலவ்-எஸ்டிடிஇஆர்ஆர் என்று கட்டுப்பாட்டு வரியில் சேர்த்து அதைத் தளர்த்தலாம் என்றாலும், நூலகங்கள் வழக்கொழியப்போவதை முன்கூட்டி அறிவிக்கும் எச்சரிக்கைகள் அந்த ஓடையில்தான் வரும் என்பதால், முடிந்தவரை தளர்த்தாமல் வைத்திருப்பதே நல்லது.

பில்ட் சோதனையால் பிடிக்க முடியாத இரண்டையும், அதாவது விடுபட்ட கோப்பையும் விடுபட்ட சார்பையும், இது பிடித்துவிடும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஆட்டோபிகேஜிடெஸ்ட் சோதனையைத் தொடங்குவது விரிக்கப்பட்ட மூலப் பொதியின் அடைவில்தான். பைத்தான் போன்ற மொழிகளில், நடப்பு அடைவில் அதே பெயரில் ஒரு தொகுதி இருந்தால் இறக்குமதிக் கட்டளை அதையே எடுத்துக்கொள்ளும். அப்போது சோதிக்கப்படுவது நிறுவிய பொதி அல்ல, பக்கத்திலிருக்கும் மூல நிரலே. பச்சை விளக்கு எரியும், பொதியோ வெறும் கூடாக இருக்கும். சோதனையின் முதல் வரியிலேயே ஆட்டோபிகேஜிடெஸ்ட்_டிஎம்பி என்ற சூழல் மாறி காட்டும் தற்காலிக அடைவுக்கு மாறிவிடுவதே இதற்குத் தீர்வு. இந்த வழியில் எழுதப்பட்ட சோதனைகளை மதிப்பிட வரும்போது நான் முதலில் தேடுவது இந்த ஒரு வரியைத்தான்.

இவ்வழியின் பெரிய வலிமை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு நூலகத்தின் புதிய பதிப்பு வரும்போது அந்த நூலகத்தின் சோதனையை மட்டுமல்ல, அதைச் சார்ந்திருக்கும் மற்றப் பொதிகளின் சோதனைகளையும் ஓட்டிப் பார்க்க முடியும். டெபியனில் 2018 முதல், புதிய பொதிகள் முதலில் வரும் அன்ஸ்டேபிள் கிளையிலிருந்து, அடுத்த நிலைப்பதிப்பு உருவாகும் டெஸ்டிங் கிளைக்கு ஒரு பொதி நகர்வதைத் தீர்மானிக்கையில் இந்த முடிவுகள் கணக்கில் கொள்ளப்படுகின்றன. தொடக்கத்தில் காத்திருப்பு நாட்களைக் கூட்டவும் குறைக்கவும் மட்டுமே பயன்பட்ட அவை, பின்னர் நகர்வையே தடுக்கும் அளவுக்கு வலுப்பெற்றன. தன் பொதியில் ஒரு குறையும் இல்லாதபோதும், அதைச் சார்ந்த இன்னொன்றின் சோதனை தோற்பதால் ஒரு பராமரிப்பாளர் காத்திருக்க நேரிடும். பொறுப்பு யாருடையது என்ற வாக்குவாதம் இதனால் எழுகிறது என்றாலும், உடைப்பு பயனரைச் சென்றடையுமுன் அந்த வாக்குவாதம் நடந்து முடிவது நல்லதுதான். சிறு களஞ்சியத்துக்கும் இது அப்படியே பொருந்தும். உள்ளுக்குள் பகிரப்படும் நூலகம் ஒன்று இருந்தால், அதைச் சார்ந்த பொதிகள் அனைத்தின் சோதனைகளையும் அதன் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஓட்டுவதே இவ்வழியில் கிடைக்கும் மிகப் பெரிய ஆதாயம். நிரலை ஹெல்ப் விருப்பத்தோடு ஓட்டிப் பார்ப்பது போன்ற மேலோட்டமான சோதனைகளை சூப்பர்ஃபிஷியல் என்று குறிக்க வேண்டும் என்பதும் டெபியனில் விதி. அவ்வாறு குறித்தவற்றின் வெற்றி, பொதியின் நகர்வை விரைவுபடுத்த உதவாது. சொந்தக் களஞ்சியத்திலும் இந்த நேர்மையைக் கடைப்பிடிக்கலாம்.

இத்தனையும் இருந்தும் இதை முதலிடத்தில் வைக்க எனக்குத் தயக்கம் உண்டு. இயல்பாக இச்சோதனைகள் தொடங்குவது துப்புரவான, புதிதாக அமைத்த சூழலிலிருந்து. புதிய பதிப்பு அங்கே முதன்முறையாக நிறுவப்படுகிறது. பயனர்களின் கணினிகளோ அப்படி இல்லை. புதுவீடு கட்டுவதும் ஆட்கள் குடியிருக்கும் வீட்டில் ஓடு மாற்றுவதும் ஒரே வேலை அல்ல.

பொதியை நிறுவும்போதும் நீக்கும்போதும் ஓடும் பராமரிப்பு ஸ்கிரிப்டுகளைப் பார்த்தால் இது தெளிவாகும். டெபியன் கொள்கை நூலின் ஆறாம் அதிகாரம், ப்ரீஇன்ஸ்ட், போஸ்ட்இன்ஸ்ட், ப்ரீஆர்எம், போஸ்ட்ஆர்எம் ஆகிய நான்கும் எந்தெந்தச் சூழலில் என்னென்ன அளவுருக்களோடு அழைக்கப்படும் என்று வரிசையாகச் சொல்கிறது. போஸ்ட்இன்ஸ்ட் வழக்கமாக கான்ஃபிகர் என்ற சொல்லோடும், இரண்டாவது அளவுருவாகக் கடைசியாக அமைக்கப்பட்ட பழைய பதிப்பின் எண்ணோடும் அழைக்கப்படும். முதல் நிறுவலில் அந்த இரண்டாவது அளவுரு வெறுமையாக இருக்கும். பழைய தரவு வடிவத்தைப் புதியதற்கு மாற்றும் பகுதியை, பழைய பதிப்பு 1.4-க்குக் கீழே இருந்தால் மட்டும் ஓட்டு என்று எழுதுவது வழக்கம். டிபிகேஜியின் ஒப்பீட்டுக் கட்டளையில், சிறியது என்று பொருள்படும் எல்டி என்று எழுதினால், வெறுமையான எண் எல்லாவற்றுக்கும் முந்தியதாகக் கருதப்பட்டு, மாற்ற எதுவுமே இல்லாத புதிய கணினியிலும் அந்தப் பகுதி ஓடித் தோற்கும். எல்டி-என்எல் என்று எழுதினால் வெறுமை எல்லாவற்றுக்கும் பிந்தியதாகக் கருதப்பட்டு அது தவிர்க்கப்படும். முதல் தவற்றை நிறுவல் சோதனை பிடித்துவிடும். ஆனால் அந்த மாற்றும் பகுதி உண்மையில் சரியாக மாற்றுகிறதா என்பதை, பழைய பதிப்பு தரவோடு இருக்கும் கணினி ஒன்று இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. மூன்றாவது நிலை ஒன்றும் இருக்கிறது, அதைப் பெரும்பாலோர் நினைத்தே பார்ப்பதில்லை. பொதியை நீக்கிவிட்டு, ஆனால் முழுமையாகத் துடைக்காமல் அமைவுக் கோப்புகளை மட்டும் விட்டுவைத்த கணினியில், பல மாதம் கழித்துப் புதிய பதிப்பை நிறுவும்போது போஸ்ட்இன்ஸ்டுக்கு அந்தப் பழைய எண் கிடைக்கும். நிரலின் கோப்புகளோ இடையில் அங்கே இருந்திருக்காது. ஒரே ஸ்கிரிப்ட், மூன்று தொடக்க நிலைகள்.

கோப்புகளின் உரிமை இன்னும் நுட்பமானது. டெபியனில் /லிப், /பின் போன்ற அடைவுகள் /யூஎஸ்ஆர் அடைவுக்குள் இருப்பவற்றுக்கான குறியீட்டு இணைப்புகளாக மாற்றப்பட்டபோது நேர்ந்த சிக்கல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 2023 ஜூனில் வந்த டெபியன் 12-க்குப் பிறகு, பொதிகளுக்குள் பதிவாகியிருக்கும் பாதைகளையே /யூஎஸ்ஆர் கீழ் மாற்றும் வேலை தொடங்கி, 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ நோக்கி நடந்தது. டிபிகேஜி, கோப்புகளின் உரிமையைப் பாதையின் பெயரைக் கொண்டே கணக்கு வைக்கிறது; இரண்டு பாதைகள் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன என்பது அதன் கணக்குப் புத்தகத்தில் இல்லை. அ என்ற பொதியின் பழைய பதிப்பில் /லிப் கீழ் இருந்த கோப்பு ஒன்று, புதிய வெளியீட்டில் ஆ என்ற பொதிக்கு /யூஎஸ்ஆர்/லிப் கீழ் மாற்றப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேம்படுத்தலில் முதலில் ஆ விரிக்கப்பட்டு அதன் கோப்பு எழுதப்படுகிறது. பின்னர் அ மேம்படுத்தப்படும்போது, அதன் புதிய பதிப்பில் அந்தக் கோப்பு இல்லை என்பதால் டிபிகேஜி /லிப் கீழிருக்கும் பழைய கோப்பை நீக்குகிறது. அப்போது உண்மையில் அழிவது ஆ இப்போதுதான் எழுதிய கோப்பு. எந்தக் கட்டளையும் பிழை காட்டாது, இரண்டு பொதிகளும் சரியாக நிறுவப்பட்டதாகவே பதிவாகும், கோப்பு மட்டும் இருக்காது. அ, ஆ இரண்டும் வரிசை மாறி விரிக்கப்பட்டிருந்தால் ஒன்றும் நேர்ந்திராது. பில்ட் சோதனை, லிண்டியன், புதிய சூழலில் ஓடும் ஆட்டோபிகேஜிடெஸ்ட் ஆகிய மூன்றும் இதற்கு வெற்றி என்றே சொல்லும். டெபியன் இதற்கென்றே களஞ்சியம் முழுவதன் கோப்புப் பட்டியல்களைப் பதிப்புக்குப் பதிப்பு ஒப்பிட்டுப் பார்க்கும் தனிக் கருவியைப் பயன்படுத்த வேண்டியிருந்தது.

மேம்படுத்தலைச் சோதிக்க டெபியனில் நெடுநாளாக இருப்பது பியூபார்ட்ஸ். லார்ஸ் விர்சேனியஸ் 2005-இல் தொடங்கியது. அது துப்புரவான ஒரு ச்ரூட் சூழலை (ஓர் அடைவுக்குள் தனித்து இயங்கும் சிறு டெபியனை) அமைத்து, பொதியை நிறுவி, நீக்கி, முழுமையாகத் துடைத்து, முன்னும் பின்னும் இருந்த கோப்புகளை ஒப்பிட்டு, எஞ்சியவற்றையும் காணாமல் போனவற்றையும் பட்டியலிடும். இரண்டு வெளியீடுகளின் பெயரைக் கொடுத்தால், பழைய வெளியீட்டில் பொதியை நிறுவி, முழுச் சூழலையும் புதிய வெளியீட்டுக்கு மேம்படுத்திப் பார்க்கும். நிறுவலுக்கு முன்னும் பின்னும், மேம்படுத்தலுக்கு முன்னும் பின்னும் நம் ஸ்கிரிப்டுகளை நுழைக்கவும் இடமுண்டு. எழுத வேண்டிய சோதனை என்று எதுவும் இல்லாமலேயே, கட்டளை ஒன்றை மட்டும் கொடுத்து இவ்வளவும் கிடைக்கிறது என்பதால்தான் இதை முதலிடத்துக்குப் பரிந்துரைக்கிறேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. மேம்படுத்திய பின் நிரல் ஒழுங்காக வேலை செய்கிறதா என்பது பியூபார்ட்ஸுக்குத் தெரியாது. ச்ரூட்டுக்குள் சேவைகள் தொடங்கிவிடக் கூடாது என்பதற்காக, 101 என்ற குறியீட்டுடன் (தொடங்க அனுமதி இல்லை என்று) வெளியேறும் பாலிசி-ஆர்சி.டி கோப்பை அது வைப்பதால், சேவையை மறுதொடக்கம் செய்கையில் நேரும் தோல்விகள் கண்ணில் படாது. ஆகவே அதன்மேல் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றைச் சேர்க்க வேண்டும். மேம்படுத்தலுக்கு முன்பு, உண்மையான பயன்பாட்டில் இருப்பது போன்ற சிறு தரவையும், நிர்வாகி கைவைத்துத் திருத்திய அமைவுக் கோப்பையும் அது உருவாக்க வேண்டும். பின்பு, அந்தத் தரவைப் புதிய நிரல் படிக்கிறதா, திருத்தம் அப்படியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசி வரியாக, நிறுவிய கோப்புகள் குறையாமலும் மாறாமலும் இருக்கின்றனவா என்று பார்க்கும் டிபிகேஜியின் வெரிஃபை கட்டளையை ஓட்டி, அது எதையும் அச்சிட்டால் தோல்வி என்று கொள்ளலாம்; திருத்தப்பட்ட அமைவுக் கோப்பை மட்டும் விலக்கிவிட வேண்டும். மேலே சொன்ன கோப்பு அழிவை, அந்த வரிசையில் விரிக்கப்பட்டிருக்கும் பட்சத்தில், இந்த ஒரு வரி காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்கு முன்தேவை ஒன்று உண்டு, அதைச் செய்யாமல் மேம்படுத்தல் சோதனை பற்றிப் பேசிப் பயனில்லை. பழைய பொதிகள் கையில் இருக்க வேண்டும். டெபியனின் சொந்தப் பொதிகளுக்கு ஸ்னாப்ஷாட் காப்பகம் இருக்கிறது. சொந்தக் களஞ்சியத்தை ரெப்ரெப்ரோ என்னும் கருவி கொண்டு நடத்துபவர்கள், இயல்பு அமைப்பில் களஞ்சியத்தின் ஒரு பிரிவில் ஒரு பொதிக்கு ஒரே பதிப்பைத்தான் அது வைத்திருக்கும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். புதியது வந்ததும் பழையது போய்விடும். ஆப்ட்லி என்னும் மாற்றுக் கருவியில் களஞ்சியத்தின் நிலையை அவ்வப்போது ஸ்னாப்ஷாட்டாக உறைய வைக்க முடியும் என்பதால் இந்த வேலைக்கு அது பொருத்தமானது. கருவியை மாற்ற விருப்பமில்லையென்றால், வெளியிட்ட ஒவ்வொரு பொதிக் கோப்பையும் தனி அடைவில் நகலெடுத்து வைத்தாலே போதும்.

எங்கே ஓட்டுவது என்பது அடுத்த தெரிவு. ஆட்டோபிகேஜிடெஸ்ட் தன் சோதனைச் சூழலை மாற்றிக்கொள்ளும் வகையில் அமைந்தது. நல் (null) என்ற பெயரில் எந்தப் பிரிப்பும் இல்லாமல் நடப்புக் கணினியிலேயே ஓட்டலாம். ச்ரூட், எல்எக்ஸ்சி, பாட்மேன் (இவ்விரண்டும் கன்டெய்னர்கள், அதாவது கெர்னலை மட்டும் பகிரும் தனிச் சூழல்கள்), க்யூஈஎம்யூ (முழு மெய்நிகர் இயந்திரம்) என்று படிப்படியாகப் பிரிப்பைக் கூட்டலாம். முதலாவதைச் சோதனை எழுதும்போது விரைவாகப் பார்த்துக்கொள்ள மட்டுமே பயன்படுத்த வேண்டும், அதுவும் தூக்கி எறியக்கூடிய கணினியில். ச்ரூட் வேகமானது, நூலகங்களுக்கும் கட்டளைவரிக் கருவிகளுக்கும் போதும். சேவைகள் உள்ள பொதிகளுக்கு அது போதாது.

கன்டெய்னர்களில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். எல்எக்ஸ்சி கன்டெய்னரில், சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி முதல் செயல்முறையாக ஓடும். டெபியனின் சோதனைச் சேவையும் பெரும்பாலும் எல்எக்ஸ்சியையே நம்பியிருக்கிறது. டாக்கர் வகைக் கன்டெய்னரிலோ வழக்கமாக சிஸ்டம்டி இருக்காது. அதோடு டெபியனின் அதிகாரபூர்வ டாக்கர் படிமத்திலும் 101 என்று வெளியேறும் அந்தப் பாலிசி-ஆர்சி.டி கோப்பு வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே உங்கள் போஸ்ட்இன்ஸ்ட் வெற்றி பெற்றது என்றால், சேவை தொடங்கியது என்று பொருள் அல்ல. தொடங்க முயலவே இல்லை என்றுதான் பொருள். பாட்மேன் படிமத்தை சிஸ்டம்டியோடு கட்டித்தரும் விருப்பம் ஆட்டோபிகேஜிடெஸ்டுடன் வரும் கருவியில் உண்டு, அதைப் பயன்படுத்துவது நல்லது. கெர்னல் தொகுதி, துவக்க ஏற்பாடு, வட்டுப் பிரிவு, மறுதொடக்கம் ஆகியவற்றைத் தொடும் பொதிகளுக்கு க்யூஈஎம்யூ தவிர வழியில்லை. மற்றவற்றுக்கு அதைக் கட்டாயமாக்கினால் சோதனைக்கான காத்திருப்பு நீண்டு, சில வாரங்களில் யாரும் அதை ஓட்டாமல் விட்டுவிடுவார்கள். பொதுவாக எல்எக்ஸ்சி அல்லது சிஸ்டம்டியுடன் பாட்மேன்; முழு இயந்திரம் வேண்டும் என்று பொருள்படும் ஐசொலேஷன்-மெஷின் கட்டுப்பாடு குறித்தவற்றுக்கு மட்டும் க்யூஈஎம்யூ.

இந்தக் கட்டுப்பாடுகளோடு ஒரு பொறியும் வருகிறது. தேவையான பிரிப்பு கிடைக்காத சூழலில் அத்தகைய சோதனை தோற்காது, தவிர்க்கப்படும். ஆட்டோபிகேஜிடெஸ்ட் எல்லாம் வெற்றியென்றால் 0, ஏதேனும் தவிர்க்கப்பட்டால் 2, ஏதேனும் தோற்றால் 4, சோதனையே இல்லையென்றால் 8, சோதனைச் சூழலே கோளாறென்றால் 16 என்று வெவ்வேறு குறியீடுகளோடு வெளியேறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சோதனைகளைத் தானே ஓட்டும் தொடர் ஒருங்கிணைப்புக் கருவிகளுக்குப் பூச்சியம் அல்லாதது எல்லாம் தோல்வி. அந்தச் சிவப்பு விளக்கைத் தணிக்க யாராவது ஒருவர் கட்டளையின் முடிவில் எப்படியும் வெற்றி என்று ஒரு ஒட்டுப் போடுவார். அன்றோடு ரிக்ரஷன் சோதனை முடிந்தது. 2 வந்தால் மஞ்சள், 4 வந்தால் நிறுத்தம், 16 வந்தால் ஒருமுறை மறு ஓட்டம் என்று குறியீடுகளைப் பிரித்துக் கையாளும் பத்து வரிகளை முதல் நாளே எழுதிவிட வேண்டும். கிட்லேப் மென்பொருளில் இயங்கும் டெபியனின் சல்சா தளத்தில் இருக்கும் பொதுவான பைப்லைனில் (தானியங்கிப் பணித்தொடரில்) பில்ட், லிண்டியன், ஆட்டோபிகேஜிடெஸ்ட், பியூபார்ட்ஸ் ஆகியவை தனித்தனிப் பணிகளாக ஏற்கெனவே அமைந்திருக்கின்றன. கிட்லேப் பயன்படுத்தும் குழு அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நிக்ஸ்ஓஎஸ் என்னும் இன்னொரு லினக்ஸ் வழங்கலின் வழியையும் இங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. அங்கே சோதனை என்பது ஒன்று அல்லது பல மெய்நிகர் இயந்திரங்களின் வரையறையும், அவற்றை இயக்கும் ஒரு பைத்தான் ஸ்கிரிப்டும். சேவை எழும்வரை காத்திரு, இந்தக் கட்டளை வெற்றி பெற வேண்டும் என்பன போன்ற வரிகளால் ஒரு தரவுத்தளச் சேவையகத்தையும் அதை அணுகும் இன்னொரு கணினியையும் சேர்த்தே சோதித்துவிடலாம். டெபியன் பக்கத்தில் அதற்கு இணையான வசதி இல்லை என்று பொறாமைப்படலாம். ஆனால் அவர்களுக்குப் புதிய நிறுவலைச் சோதிப்பதே பெரும்பாலும் போதுமாக இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு பொதியும் தனக்கென ஒரு பாதையில் இருப்பதும், டெபியனில் உள்ளது போன்ற பராமரிப்பு ஸ்கிரிப்டுகள் அங்கே இல்லாததும்தான். ஒரு பொதி மற்றொன்றின் கோப்பை அழிக்க அங்கே வழியே இல்லை. அவர்களுடைய சோதனை முறையை மட்டும் இங்கே நகலெடுத்தால், அவர்களுக்கு இல்லாத சிக்கல்கள் நம்மிடம் சோதிக்கப்படாமல் தங்கிவிடும்.

பொதிகளை அல்லாமல் பொதிக் கருவியையே எழுதுபவர்களுக்கும், ஆப்டின்மேல் சொந்த நிறுவல் கருவி ஒன்றைக் கட்டியிருப்பவர்களுக்கும் விடை வேறு. அவர்கள் பார்க்க வேண்டியது ஆப்டின் மூல நிரலில் இருக்கும் இன்டெக்ரேஷன் சோதனைகளை. ஷெல்லில் எழுதிய அந்தச் சட்டகம் தற்காலிக அடைவு ஒன்றில் தனி நிலைக் கோப்பும் தனிக் களஞ்சியமும் அமைத்து, உண்மையான பொதிகளைக் கட்டாமலேயே, இன்ன பொதி இன்ன சார்புகளோடு இருக்கிறது என்று பட்டியலில் மட்டும் எழுதிவிட்டு, ஆப்ட் என்ன முடிவெடுக்கிறது என்பதை எதிர்பார்த்த வெளியீட்டோடு ஒப்பிடுகிறது. பிணையக் கோளாறுகளைச் சோதிக்கச் சிறு இணையச் சேவையகம் ஒன்றும் உள்ளேயே உண்டு. பல சோதனைக் கோப்புகளின் பெயரிலேயே பிழை எண் இருப்பதால், எது எதற்காக எழுதப்பட்டது என்று தேட வேண்டியதில்லை. ஃபெடோரா போன்ற வழங்கல்களின் பொதிக் கருவியான ஆர்பிஎம் இதே வேலைக்குக் குனு ஆட்டோடெஸ்ட் என்னும் சோதனைச் சட்டகத்தைப் பயன்படுத்துகிறது.

மேம்படுத்தல் சோதனைக்கு முதலிடம் என்ற என் பரிந்துரை எல்லோருக்கும் பொருந்தாது. பொதிகளைக் கன்டெய்னர் படிமங்களைக் கட்ட மட்டுமே பயன்படுத்தி, ஒவ்வொரு முறையும் புதிதாக நிறுவுபவர்களுக்கு அது வீண் உழைப்பு. அவர்கள் நிறுவல் சோதனையோடு நிற்கலாம். பராமரிப்பு ஸ்கிரிப்டே இல்லாத, கோப்புகள் இடம் மாறாத நூலகப் பொதிகள் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு, சார்ந்த பொதிகளின் சோதனைகளை ஓட்டுவதே அதிகப் பயன் தரும். மற்றவர்கள், அதாவது மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர்கள், பழைய பொதிகளைச் சேமிக்கும் ஏற்பாட்டை இந்த வாரமே செய்து, சேவையும் தரவும் உள்ள ஒரே ஒரு பொதிக்குப் பியூபார்ட்ஸோடு தரவு ஸ்கிரிப்டையும் சேர்த்து எழுதி, அதன் பிறகே மற்றப் பொதிகளுக்கு ஆட்டோபிகேஜிடெஸ்ட் எழுதப் போகலாம்.

எத்தனை பழைய பதிப்புகளிலிருந்து தொடங்கிப் பார்ப்பது என்பதற்கும் எல்லை வேண்டும். கடைசியாக வெளியிட்ட பதிப்பு, டெபியனின் முந்தைய நிலைப்பதிப்பில் நீங்கள் கடைசியாகக் கொடுத்த பதிப்பு, நீக்கியும் துடைக்கப்படாத நிலை ஆகிய மூன்று தொடக்கங்கள் போதும். டெபியன் வெளியீடுகளைத் தாண்டி மேம்படுத்துவதை ஆதரிப்பதில்லை, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக வேண்டும் என்பதால், அதற்கும் பழையவற்றைச் சுமக்கத் தேவையில்லை. முந்தைய நிலைப்பதிப்பில் இருந்த கணினிகளில் கடைசியானதும் மேம்படுத்தப்பட்டுவிட்டால், போஸ்ட்இன்ஸ்டில் அதற்காக இருந்த மாற்றும் பகுதியையும் அதைச் சோதிக்கும் ஸ்கிரிப்டையும் ஒரே திருத்தத்தில் சேர்த்து நீக்கிவிடலாம்.